எதிர்ப்பு உண்டா?

ஒகுசவா
அக்டோபர் 14

அன்புத் தம்பி யோஜிக்கு,

மலை உச்சியில் இலைகள் சிவந்துவிட்டன. இங்கே எல்லோரும் சுகம் என்றுதான் எழுத வேண்டும்; எழுதிவிட்டேன். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது?

தொலைபேசியில் பேசினால் அத்தான் காதில் விழும். அதனால்தான் கடிதம். இந்த வருஷம் குடியிருப்போர் சங்கத் தலைமை முறை எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. பொறுப்பு அத்தான் பேரில், வேலை என் தலையில். அது பழகிப்போன கதை. என் கவலை வேறு. சங்கக் கூடத்தின் கூரை.

பனிக்காலத்தில் பாரம் தாங்காமல் அந்தக் கூரை இடிந்துவிடாமலிருக்க வீட்டுக்கு ஒரு ஆள் ஏறிப் பனி அள்ள வேண்டும் என்பது உனக்குத் தெரியும். நீ இருந்தபோது எல்லோரும் வாலிபர்கள். இப்போது எழுபது வயதுக்குக் கீழே இருப்பவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அந்தக் கூடத்தில் வருஷத்துக்கு இரண்டே கூட்டம். ஒன்று பொதுக்கூட்டம். இன்னொன்று, கூரைப் பனியை எப்போது அள்ளுவது என்று பேச. சிரிக்காதே, இதுதான் உண்மை.

கோடையில் அத்தானுக்கு இதயக் குழாயில் கம்பிவலை வைத்தார்களே, அது ஊரில் யாருக்கும் தெரியாது. கண் பரிசோதனைக்குப் போனதாகச் சொல்லி வைத்திருக்கிறார். "பனிப் பக்கமே போகக் கூடாது" என்றார் டாக்டர். இவரோ "நம்ம வீட்டு முறையில நானே ஏறலைன்னா எப்படி?" என்கிறார். இந்தக் குளிர்காலத்துக்கு முன் அந்த வழக்கத்தை நிறுத்தியாக வேண்டும். இல்லாவிட்டால் என் புருஷன் அந்தக் கூரையிலிருந்து நடந்து இறங்க மாட்டார்.

நீ பெரிய கம்பெனியில் இருக்கிறாய். ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் எங்கே தொடங்குவது?

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா மிசாவோ


நகோயா
அக்டோபர் 23

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே இன்னும் சட்டைக் கையை மடித்துக்கொண்டுதான் திரிகிறோம். இடுப்பு பரவாயில்லை. அத்தானை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

கூட்டத்தில் பேசி நம் நாட்டில் எதையும் மாற்ற முடியாது, அக்கா. ஏற்கெனவே முடிவானதைக் கேட்டுக் கைதட்டுகிற இடம்தான் கூட்டம். அதனால் முன்கூட்டியே வீடு வீடாகப் போ. ஏதாவது தின்பண்டம் எடுத்துப் போ. "மாற்ற வேண்டும்" என்று ஆரம்பிக்காதே. "கஷ்டமா இருக்கே, என்ன செய்யலாம்?" என்று கேள். அவர்களே சொன்னதுபோல இருக்க வேண்டும்.

எங்கள் அலுவலகத்திலும் இதே கதைதான். கணினியில் வரும் ஆர்டரை அச்செடுத்து, ஐந்து பேர் முத்திரை குத்தி, மேல்மாடிக்கு ஃபேக்ஸ் அனுப்புகிறோம். என் முத்திரையைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்துக் குத்த வேண்டும், பக்கத்தில் இருக்கும் மேலாளர் முத்திரைக்குக் கும்பிடு போடுவதுபோல. என் பிரிவில் அசஹினா என்று ஒரு பெண், முப்பதுகூட ஆகவில்லை. இதை நிறுத்தலாம் என்று அழகாகத் திட்டம் எழுதியிருக்கிறாள். தனியாகக் கேட்டால் எல்லோரும் ஆகா என்கிறார்கள். டிசம்பர் கூட்டத்தில் வைக்கப் போகிறாள். "தைரியமா வைம்மா, நான் இருக்கேன்" என்று சொல்லியிருக்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம்.
யோஜி


ஒகுசவா
நவம்பர் 16

தம்பிக்கு,

முதல் பனி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. முள்ளங்கி ஊறுகாய் போட்டாகிவிட்டது, உனக்குத் தனியாக ஒரு வாளி.

நீ சொன்னபடியே செய்தேன். அவித்த பயற்றங்கொழுக்கட்டையைத் தூக்கிக்கொண்டு வாசல் வாசலாக ஏறி இறங்கினேன். கால் வீங்கியதுதான் மிச்சம் என்று நினைக்காதே, பலன் இருக்கிறது! பக்கத்து வீட்டு ஓசவா, "மிசாவோக்கா, நான் நினைச்சத நீங்க சொல்லிட்டீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு முழங்கால் மடங்கவே மடங்காதாம். துணைத்தலைவர் நிவா, "அந்தக் கூடத்த இடிச்சாலும் எனக்குச் சம்மதம். நூலக மாடியில இடம் சும்மாதானே கிடக்கு?" என்றார். வேண்டாம் என்று ஒரு வீட்டிலும் சொல்லவில்லை.

ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் நான் செருப்பு மாட்டும்போது ஒரே வார்த்தை: "எங்களுக்கு ஒண்ணுமில்ல. இவாசே பெரியவர் மனசுதான் புண்படும்."

கூடம் கட்டிய வருஷம் அவர்தான் தலைவர். வாசல் பலகையில் அவர் பெயர் இருக்கிறது. எண்பத்து நான்கு வயதிலும் முதலில் ஏறி முதல் வாரி பனியை அள்ளுவது அவர்தான். அவரிடம் நேரே கேட்டுவிடலாம் என்று கிளம்பினேன். நிவா மறித்துவிட்டார். "அவர்கிட்ட மட்டும் போயிராதீங்க அக்கா. முகத்துக்கு நேரா கேட்டா அவர் எப்படி இல்லேன்னு சொல்லுவாரு? பாவம்." அதுவும் சரிதான் என்று திரும்பிவிட்டேன். அவர் வாசலைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு வந்தேன்.

குளிருக்கு முன் நன்றாகச் சாப்பிட்டுத் தேறு.
மிசாவோ


நகோயா
நவம்பர் 25

அக்காவுக்கு,

ஊறுகாய் வந்தது, வீடே மணக்கிறது. எல்லோரும் சௌக்கியம்.

பார்த்தாயா, பாதிக் கிணறு தாண்டிவிட்டாய்! பெரியவரை விட்டது நல்லது. கூட்டத்தில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னால் அவரும் கௌரவமாக விட்டுக்கொடுப்பார். எங்கள் கூட்டம் டிசம்பர் பத்தில். அசஹினா என் மேஜைக்கு வந்து, "சார், நீங்க முதல்ல ஒரு வார்த்தை சொன்னா போதும், மத்தவங்க சொல்லிருவாங்க" என்றாள். சொல்லிவிட்டால் போகிறது.

நல்ல செய்திக்குக் காத்திருக்கும்,
யோஜி


ஒகுசவா
டிசம்பர் 15

யோஜி,

குளிர் எலும்புக்குள் இறங்கிவிட்டது. நாங்கள் இருக்கிறோம்.

கூட்டம் முடிந்தது. எப்போதும் அடுப்படியில் டீ ஊற்றிக்கொண்டிருப்பவள், இந்தத் தடவை அத்தானுக்குப் பதிலாக முன்னால் பாயில் உட்கார்ந்தேன். அதற்கே நாலு பேர் தொண்டையைச் செருமினார்கள். பனி அள்ளுவதை நிறுத்தலாமா என்று பேச்சை எடுத்தேன். கொழுக்கட்டை தின்ற வாய் ஒன்றுகூடத் திறக்கவில்லை. ஓசவா தன் மடங்காத முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் ஓரக்கண்ணால் இவாசே பெரியவரைப் பார்த்தார்கள். அவர் எங்களைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "உங்க எல்லாருக்கும் எப்படி இஷ்டமோ அப்படி."

நிவா ஒரு பெருமூச்சு விட்டார். "அப்ப வழக்கம்போலவே வச்சுக்குவோம். எதிர்ப்பு உண்டா?"

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கை தானாகத் தட்டுகிறது, என்ன செய்ய?

வெளியே வந்ததும் ஓசவா என் காதோரம், "நீங்க பேசினது ரொம்ப நல்லா இருந்துச்சுக்கா" என்றார். பக்கத்தில் கிடந்த மண்வாரியால் ஒன்று போடலாம் போல இருந்தது.

உங்கள் கூட்டம் எப்படிப் போயிற்று? அந்தப் பெண்ணுக்காவது நல்லது நடந்ததா?

அக்கா


நகோயா
ஜனவரி 4

அக்காவுக்கும் அத்தானுக்கும் புத்தாண்டு வாழ்த்துகள்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வருஷக் கடைசியில் வேலை நெருக்கடி. பண்டிகைக்குச் சாப்பிட்ட அரிசிக் கட்டிகள் இன்னும் வயிற்றில் கல்லாக உட்கார்ந்திருக்கின்றன. நமக்கும் வயதாகிறது.

தனியே ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். அத்தானின் பூட்ஸில் மாட்டிக்கொள்ள இரும்புப் பற்கள், கூரையில் வழுக்காது. உள்ளங்கைச் சூட்டுப் பைகளும் இருக்கின்றன.

அசஹினா வேலையை விட்டுவிட்டாள். அவளுக்கு ஏதோ சொந்தக் காரணம் போலிருக்கிறது. நல்ல பெண். இங்கே நேற்று லேசான தூறல்.

யோஜி


ஒகுசவா
ஜனவரி 27

யோஜி,

இரும்புப் பற்கள் வந்து சேர்ந்தன. உன்னிடம் நான் கேட்டது கூரையிலிருந்து அவரை இறக்க ஒரு வழி. நீ ஏறுவதற்குச் சாமான் அனுப்பியிருக்கிறாய். கோபமில்லை, அலுப்பு.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அள்ளினார்கள். நான் ஏறுகிறேன் என்று ஏணியைப் பிடித்தேன். "அக்கா, நீங்க கீழ டீயப் பாருங்க" என்று நிவா சிரித்துக்கொண்டே ஏணியை வாங்கிக்கொண்டார். அத்தான் ஏறிவிட்டார். கீழே நின்று அவர் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். உதடெல்லாம் நீலம் பாரித்து இறங்கி வந்து, "காத்து நல்லா இருந்துச்சு" என்றார். அவரைப் பார்த்துக்கொண்டிருந்ததால் மறுபக்கம் இவாசே பெரியவர் விழுந்ததை நான் பார்க்கவில்லை. சத்தம்தான் கேட்டது.

இடுப்பெலும்பும் விலாவும் முறிந்திருந்தன. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் மருமகள் கசுயோ சுடுதண்ணீர் பிடிக்க வெளியே போயிருந்தாள். பெரியவர் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"மிசாவோ, அந்தக் கூரையப் பாத்தாலே எனக்குப் பயம். பல வருஷமா அப்படித்தான். 'தாத்தா, நீங்க வேணாம்'னு யாராச்சும் சொல்லுவீங்கன்னு பாத்தேன். ஒருத்தரும் சொல்லல. சரி, இவங்களுக்கெல்லாம் இது ஆசை போலன்னு ஏறினேன்."

"தாத்தா, நாங்க உங்களுக்காகத்தான் ஏறினோம்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது. விலா வலியில் கண்ணில் நீர் வர, சிரித்தார். நானும் சிரித்தேன். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

நேற்று நிமோனியாவில் போய்விட்டார்.

அவர் வாசலுக்குக் கொழுக்கட்டையோடு போயிருந்தால் போதும், யோஜி. ஒரே ஒரு வீடு.

உன்னை ஒன்று கேட்கிறேன். அந்தப் பத்தாம் தேதிக் கூட்டத்தில் நீ என்ன பேசினாய்?

மிசாவோ


ஒகுசவா
பிப்ரவரி 12

யோஜி,

உன் பதில் வரவில்லை. சளி, காய்ச்சல் என்று இல்லாமல் இருந்தால் சரி.

பெரியவர் காரியமெல்லாம் முடிந்து நேற்று அவசரக் கூட்டம். இனியாவது நிறுத்துவார்கள் என்று நம்பித்தான் போனேன். நிவா எழுந்தார், கண்கள் கலங்கியிருந்தன, நடிப்பில்லை. "பெரியவர் உசிரு போன கூரை அது. அவர் ஞாபகமா இனி நாம இன்னும் ஒழுங்கா செய்யணும். அவர் இடத்துல தலைவரே முதல்ல ஏறட்டும். எதிர்ப்பு உண்டா?"

அதாவது அத்தான்.

பெரியவர் சொன்னது என் நாக்கு நுனியில் இருந்தது. அதற்குள் கசுயோ டீத்தட்டை வைத்துவிட்டு, நெற்றி பாயில் பட எல்லோருக்கும் குனிந்து நன்றி சொன்னாள். அந்தக் குனிந்த முதுகைப் பார்த்துக்கொண்டு என்னால் எப்படிச் சொல்ல முடியும்? மென்று விழுங்கினேன். ஓசவாவைத் திட்டினேனே, நானும் அதே ஓசவாதான்.

அத்தான் பூட்ஸுக்கு எண்ணெய் போட்டு வாசலில் வைத்திருக்கிறார், உன் இரும்புப் பற்களோடு.

முந்தாநாளிலிருந்து விடாமல் கொட்டுகிறது. இத்தனாம் தேதி பனி அள்ள வாருங்கள் என்று சுற்றுப் பலகையில் தாளைச் செருகி, தலைவர் வீடுதான் முதலில் பக்கத்து வீட்டுக்கு நகர்த்த வேண்டும். அவர்கள் முத்திரை குத்தி அடுத்த வீட்டுக்குக் கொடுப்பார்கள். அது வராமல் இந்த ஊரில் யாரும் மண்வாரியைத் தொட மாட்டார்கள்.

பலகை எங்கள் வாசல் ஆணியில் தொங்குகிறது. தாள் இன்னும் எழுதவில்லை.

மிசாவோ


நகோயா
பிப்ரவரி 20

அக்காவுக்கு,

நலமா? தொலைக்காட்சியில் உங்கள் பக்கத்துப் பனியைத்தான் காட்டுகிறார்கள். மூன்று தடவை அழைத்தேன், நீ எடுக்கவில்லை. பலகையை அனுப்பிவிட்டாயா? அனுப்பாவிட்டால் கூரை தாங்குமா? உள்ளே யாராவது இருந்துவிடப் போகிறார்கள். பெரியவர் விஷயம் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

கூட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். இங்கே பிளம் மரங்கள் பூக்க ஆரம்பித்துவிட்டன. ஆபீஸ் வாசலில் ஒரு மரம், வெள்ளைப் பூ.

யோஜி


ஒகுசவா
மார்ச் 18

தம்பி,

ஓடைப் பக்கம் பனி கரைந்து மண் தெரிகிறது. எங்களுக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே.

பலகையை நான் அனுப்பவே இல்லை. கூடத்தின் சாவி என்னிடம்தானே? பூட்டினேன். சுற்றிலும் கயிறு கட்டி, "பனி சரியும், அருகில் வராதீர்கள்" என்று எழுதித் தொங்கவிட்டேன். யாராவது கேட்பார்கள் என்று தினமும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை! கடைவாசலில் பார்ப்பார்கள். "நல்ல பனி." "ஆமா, நல்ல பனி." எல்லோர் கண்ணும் ஒரு தடவை கூடத்துக் கூரைமேல் போகும். பிறகு முட்டைக்கோஸ் விலையைப் பேசுவார்கள். தலைவர் வீட்டில் கேட்டால் அது குறை சொன்னதாக ஆகிவிடுமாம். வாயடைத்துப்போன ஊர் என்று நான் சலித்துக்கொண்ட அதே மௌனம் எனக்குக் காவல் நின்றது.

அத்தான் மட்டும் ஒரு நாள், "பலகை ஆணியிலேயே தொங்குதே?" என்றார்.

"ஆமா."

"ம்" என்று போனார். சாயங்காலம் பார்க்கிறேன், வாசலில் பூட்ஸ் இல்லை. அலமாரிக்குள் வைத்துவிட்டிருக்கிறார்.

பிப்ரவரிக் கடைசியில், எல்லோரும் மதியச் சாப்பாட்டில் இருந்தபோது விழுந்தது. தட்டுகள் அதிர்ந்தன. ஓடிப்போனோம். கூடம் சப்பையாகக் கிடந்தது. உள்ளே யாருமில்லை, பூனைகூட இல்லை. நிவா ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "என்ன செய்ய, வேற வழியில்ல" என்றார். "வேற வழியில்ல, வேற வழியில்ல" என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அந்த முகங்களில் இருந்த நிம்மதியை நீ பார்த்திருக்க வேண்டும்.

அதோடு முடிந்தது என்று நினைத்தால் நீயும் நானும் இந்த நாட்டுக்காரர்களே இல்லை. போன ஞாயிறு, நூலக மாடியில் பொதுக்கூட்டம். முதல் விஷயமே, கூடத்தை முன்பு இருந்தபடியே கட்டுவது. இந்தத் தடவை அத்தான் தானே வந்து தலைவர் இடத்தில் உட்கார்ந்தார். நிவா தீர்மானத்தை வாசித்து முடித்ததும் அத்தான் கேட்டார்: "எதிர்ப்பு உண்டா?"

எல்லோரும் தங்கள் முழங்காலைப் பார்த்தார்கள். கைகள் தட்டுவதற்குத் தயாராக உயர்ந்தன.

"எனக்கு உண்டு" என்றார் அத்தான்.

கேட்டவரே சொன்னால் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அதற்கு வழக்கம் கிடையாதே.

"எனக்கு நெஞ்சுல கோளாறு. கண்ணு பாக்கப் போனேன்னு சொன்னது பொய். ஜனவரியில மேல நிக்கிறப்போ செத்துருவேன்னு நினைச்சேன். இனி நான் எந்தக் கூரையும் ஏற மாட்டேன்." முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அவர் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை.

ஓசவா மூக்கைச் சிந்தினார். "எனக்கு முட்டி போயி அஞ்சு வருஷமாச்சு." இன்னொருவர், "எனக்குத் தலை சுத்தும்." அடுத்தவர் இடுப்பு என்றார். ஆஸ்பத்திரி வராந்தா தோற்றது போ. அப்போது டீத்தட்டோடு நின்ற கசுயோ சொன்னாள்: "மாமாவுக்கும் அந்தக் கூரை பிடிக்காது. ஆஸ்பத்திரியில என்கிட்டயும் சொன்னாரு. நீங்கல்லாம் அவருக்காக ஆசையா செய்யறீங்களேன்னுதான் அன்னிக்குக் குனிஞ்சேன்."

நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது, யோஜி. இரண்டு பேருமே விழுங்கியிருந்தோம்.

முடிவு என்ன தெரியுமா? "தொடர்ந்து பரிசீலிப்பது." நிவாவின் வாசகம். எத்தனை வருஷம் பரிசீலிப்பார்களோ தெரியாது, நான் களைத்துவிட்டேன். ஆனால் வருகிற குளிர்காலத்தில் ஏறுவதற்குக் கூரை இல்லை. அத்தான் இப்போது பின்னால் குறட்டை விடுகிறார். அது போதும் எனக்கு.

பலகையை ஓசவா வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன், அடுத்த முறை அவர்களுடையது. உன் இரும்புப் பற்களைத் திருப்பி அனுப்புகிறேன்.

நான் கேட்ட கேள்விக்கு நீ பிளம் பூவைப் பதிலாக அனுப்பினாய். வற்புறுத்தவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா மிசாவோ


நகோயா
மார்ச் 24

அக்கா,

பார்சல் கிடைத்தது. அத்தான் குறட்டை விடுவதைக் கேட்க வேண்டும் போல இருக்கிறது.

நீ கேட்டதற்குப் பதில்: ஒன்றும் பேசவில்லை. அசஹினா என் முகத்தையே பார்த்தாள். நான் முழங்காலைப் பார்த்தேன். பிறகு கைதட்டினேன். பயந்துதான் சும்மா இருந்தேன் என்று நேற்றுத்தான் அவள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். "தெரியும் சார்" என்றாள், அவ்வளவுதான்.

நாளைக் காலை அதே முத்திரை விஷயமாக மறுபடியும் கூட்டம். "வழக்கம்போலவே, எதிர்ப்பு உண்டா?" என்று இந்த முறை கேட்க வேண்டியவன் நான்.

யோஜி